எச்சரிக்கைப் படமும் இரும்புக் காப்பும்

நம் ஊர்ப் பிள்ளைகள் பாடநூலுக்கு வெளியே எழுத்துக்கூட்டிப் படித்த முதற்சொல் எது என்று கணக்கெடுத்தால், 'அபாயம்' என்னும் சொல்லே முதலிடம் பெறும் என்பது என் எண்ணம். மின்கம்பத்திலும், மின்மாற்றியிலும், நெல் அரைவை ஆலையின் மோட்டார் அறைக் கதவிலும் அச்சொல் சிவப்பு எழுத்தில் நின்றது. அதன் கீழே ஒரு மண்டை ஓடும் குறுக்காக இரண்டு எலும்புகளும் இருந்தன. படிக்கத் தெரிந்தவனுக்கு எழுத்து. தெரியாதவனுக்கு மண்டை ஓடு. இப்பலகை யாரோ விரும்பி மாட்டியதன்று. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 35ஆவது விதி, இத்தகைய அறிவிப்பு இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுவதோடு அந்தந்த மாவட்டத்தின் மொழியிலும் இருத்தல் வேண்டும் என்றும், மண்டை ஓட்டுக் குறி பொறித்திருத்தல் வேண்டும் என்றும் கட்டளையிட்டது. எழுத்தறியாத தொழிலாளியையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்ட சட்டங்கள் நம் நாட்டில் மிகச் சில. அவற்றுள் இஃது ஒன்று.

இப்பலகையின் உறவினர்களே பட்டறைச் சுவர்களில் ஒட்டப்பெறும் பாதுகாப்புச் சுவரொட்டிகள். 'கண்ணாடி அணிக', 'ஓடும் பொறியைத் தொடாதே', 'கவனம் சிதறினால் கை போகும்' என்ற வகையைச் சேர்ந்தவை. தொழிற்பயிற்சி நிலையத்திற்கும் பாலிடெக்னிக்கிற்கும் செல்லும் நம் இளைஞர் இவற்றை நாள்தோறும் காண்கின்றனர். நாள்தோறும் காண்பதை யாரும் படிப்பதில்லை. இவை எப்பொழுது தோன்றின, யாரை நோக்கிப் பேசின, எதைப் பேசாமல் விட்டன என்பதை நம் சமுதாயத்தார் அறிந்திருத்தல் நலம் எனக் கருதியே இவ்வெள்ளி விழா மலருக்கு இப்பொருளைத் தேர்ந்தேன். பொறியின் அருகே நிற்பவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகள். பொறிக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் நம்மவர் அல்லர்.

சுவரொட்டிக்கு முந்தியது வேலி. நீராவிப் பொறி வந்த காலத்தில் ஆலை முழுவதற்கும் ஒரே பொறி. அதிலிருந்து கூரையை ஒட்டி நீண்ட இரும்புத் தண்டு ஓடும். தண்டிலிருந்து ஒவ்வொரு எந்திரத்திற்கும் தோல் வார் இறங்கும். சுழலும் தண்டில் ஆடையோ கூந்தலோ சிக்கினால் ஆளையே மேலே இழுத்துச் சுற்றிவிடும். இங்கிலாந்தில் 1844ஆம் ஆண்டுச் சட்டம் இத்தண்டுகளுக்கு வேலியிட வேண்டும் என்றது. ஆலை முதலாளிகள் என்ன செய்தனர்? இவ்விதியை எதிர்க்கவே 1855இல் ஒரு சங்கம் கூட்டினர். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்' இதழ், அதனைத் தொழிலாளரை நசுக்குவதற்கான சங்கம் என்னும் பொருள்படக் கேலி செய்தது. வேலி அமைக்கப் பணம் வேண்டும். 'பார்த்து நட' என்று சொல்லப் பணம் வேண்டியதில்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பின் வரும் வரலாறு முழுவதும் விளங்கும்.

நம் நாட்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளுக்கே அது பொருந்தியது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையை வேலைக்கு வைக்கலாகாது, ஏழு முதல் பன்னிரண்டு வரை ஒன்பது மணி நேரமே வேலை வாங்கலாம் என்பன அதன் கருணைகள். ஆபத்தான பொறிப்பகுதிகளுக்கு வேலியிடும் கடமையும் அதில் இருந்தது. ஆகவே வேலி என்பது நமக்கு நேற்று வந்த புதுமையன்று; அது 140 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சட்டக் கடமை.

ஆனால் காரைக்கால் அன்று பிரித்தானிய இந்தியாவில் இல்லை. பாரிசில் இயற்றும் சட்டம் கடல் கடந்து தானாக வந்துவிடாது. குடியேற்றப் பகுதிக்கெனத் தனி ஆணை வேண்டும். பிரான்சு நாட்டில் 1898 ஏப்ரல் 9ஆம் நாள் சட்டமே, வேலையில் நேரும் விபத்து அவ்வேலையோடு பிறந்த இடர் என்றும், யார் தவறு என்று தேடாமல் முதலாளி ஈடு தரவேண்டும் என்றும் கூறிவிட்டது. இங்கே, பிரெஞ்சிந்தியாவின் பெரும் பஞ்சாலைகள் மூன்றும் இருந்த புதுச்சேரியில், தொழிலாளர் எட்டு மணி நேர வேலைக்கும் சங்க உரிமைக்கும் குருதி சிந்த வேண்டியிருந்தது. 1936 சூலை 30ஆம் நாள் சவானா ஆலைத் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிருவர் மாண்டனர். வ. சுப்பையா முதலியோரின் முயற்சியால் 1937 ஏப்ரல் 6ஆம் நாள் ஆணை பிறந்தது. எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. வேலை நேரத்திற்கும் பொறிப் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பன்னிரண்டாவது மணி நேரத்தில் கண் செருகிய நிலையில் சக்கரத்தின் முன் நிற்பவனுக்கு எந்தச் சுவரொட்டியும் உதவாது.

நமக்கு அருகிலிருந்த பெரும் பட்டறை நாகப்பட்டினத்து இரயில்வேப் பணிமனை. 1861இல் நாகையிலிருந்து திருச்சி நோக்கி இரும்புப் பாதை புறப்பட்டது. அதனையொட்டி வளர்ந்த பணிமனை, கீழ்த்தஞ்சைக் கழிமுகத்து மக்களுக்குச் சம்மட்டியும் கடைசல் பொறியும் கொதிகலனும் இன்னவை என்று காட்டியது. 1920களின் பிற்பகுதியில் அது திருச்சியை அடுத்த பொன்மலைக்குப் பெயர்ந்தது. அப்பெயர்ச்சியும் ஆட்குறைப்பும் 1928ஆம் ஆண்டின் தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தத்தில் முடிந்தன. சிங்காரவேலர் சிறை சென்றதும் அதன் தொடர்பிலேயே.

இனிச் சுவரொட்டிக்கு வருவோம். 'பாதுகாப்பே முதல்' என்னும் முழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உருக்காலைகளில் எழுந்தது. 1913இல் அந்நாட்டில் தேசியப் பாதுகாப்பு மன்றம் தோன்றியது. அதன்பின் பட்டறைச் சுவரெங்கும் படங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் இக்கலை உச்சத்தை எட்டியது. ஆடவர் போர்முனை சென்றனர். எந்திரத்தையே கண்டிராத பெண்களும் இளைஞரும் இலட்சக்கணக்கில் ஆயுத ஆலைகளில் நுழைந்தனர். நீண்ட பயிற்சிக்கு நேரமில்லை. 1941இல் 'ரோஸ்பா' என்னும் பெயர் பெற்ற விபத்துத் தடுப்புச் சங்கம், டாம் எக்கர்ஸ்லி போன்ற தேர்ந்த ஓவியர்களைக் கொண்டு படங்கள் வரைவித்தது. இரண்டு மூன்று வண்ணங்கள், ஒரு கை, ஒரு கண், ஒரு சக்கரம், நான்கைந்து சொற்கள்; அவ்வளவே. பின்னர்க் கிடங்கில் மறந்து கிடந்த நூற்றுக்கணக்கான படங்கள் இந்நூற்றாண்டில் மீண்டும் கிடைத்தன. பால் ரென்னி என்பவர் 2015இல் அவற்றை நூலாகவும் வெளியிட்டார். இன்று அவை கலைப்பொருள்களாகி நல்ல விலைக்குப் போகின்றன.

திரைப்படம் பார்க்கும் நம் இளைஞர்க்கு ஒரு செய்தி. வெரோனிகா லேக் என்னும் ஆலிவுட் நடிகை கூந்தலை ஒரு கண்ணை மறைக்குமாறு தொங்கவிடுவார். ஆலைப் பெண்கள் அவரைப் பார்த்து அவ்வாறே தொங்கவிட்டனர்; கூந்தல் துளைப்பொறியில் சிக்கியது. 1943இல் அமெரிக்க அரசே கேட்டுக்கொண்டபடி அந்நடிகை தம் கூந்தலை எடுத்து முடிந்து காட்டினார். விளம்பரத்தின் வலிமைக்கு இஃது ஒரு சான்று. நம் நட்சத்திரங்களை அரசுகள் இப்படிப் பயன்படுத்தியிருக்கலாம்.

இப்படங்களைப் பழிக்க நான் வரவில்லை. பல உயிர்களை அவை காத்திருக்கும். ஆனால் பத்துப் படங்களை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகும். ஏறத்தாழ எல்லாம் தொழிலாளியை நோக்கியே விரல் நீட்டுகின்றன. 'நீ கவனமாயிரு', 'உன் சோம்பல்', 'உன் மறதி'. 'முதலாளியே, சக்கரத்தை மூடு' என்று முதலாளியின் அறையில் ஒட்டப்பட்ட படத்தை நான் இதுவரை கண்டதில்லை.

இந்நோக்கிற்கு அறிவியல் போர்வை போர்த்தியவர் ஹெயின்ரிக் என்னும் அமெரிக்கர். காப்பீட்டு நிறுவனமொன்றின் அலுவலரான அவர் 1931இல் வெளியிட்ட நூலில், நூற்றுக்கு 88 விபத்துகள் தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயலால் நேர்பவை என்றும், 10 மட்டுமே பாதுகாப்பற்ற நிலைமைகளால் நேர்பவை என்றும், எஞ்சிய இரண்டைத் தடுக்கவியலாது என்றும் எழுதினார். இந்த 88 என்னும் எண் உலகம் சுற்றியது. அவ்வெண்ணுக்கு அவர் கொண்ட ஆதாரம் பெரும்பாலும் முதலாளிகளும் மேற்பார்வையாளரும் எழுதிய விபத்துக் குறிப்புகளே என்பதைப் பிற்கால ஆய்வாளர் சுட்டிக்காட்டினர். கை இழந்தவனைக் கேட்டு எழுதிய குறிப்பன்று அது.

இவ்விடத்தில் நம் தருமபுரத்துத் தலக்கதை நினைவுக்கு வருகிறது. சம்பந்தர் பாடிய பதிகம் ஒன்று திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழில் அடங்கவில்லை. பாணர் மனம் நொந்து யாழையே முறிக்கப் போனார். சம்பந்தர் தடுத்து, இது கருவியின் எல்லை என்று தேற்றியதாகக் கதை. குறை கருவியிடத்தது என்று சொல்லி, அதை இயக்கும் பாணரின் மதிப்பைக் காத்த அந்தத் தீர்ப்பை ஹெயின்ரிக் கேட்டிருக்க வழியில்லை. சமயக் கதையை எந்திரத்தோடு பொருத்துவது சிலர்க்கு உவப்பில்லாது போகலாம். ஊர்க் கதை என்பதால் எழுதினேன்.

எங்கள் தெருவில் பெரியப்பா முறையினர் ஒருவர் இருந்தார். நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபொழுது, பக்கத்து ஊரில் இருந்த நெல் அரைவை ஆலை ஒன்றில் ஹல்லர் எந்திரத்தின் பெல்ட்டில் சிக்கி அவர் வலக்கையை முழங்கைக்கு மேல் இழந்தார். ஊர் முழுவதும் சொன்ன காரணம் ஒன்றே: 'தோளில் துண்டு போட்டுக்கொண்டு வேலை செய்தான்; துண்டு பெல்ட்டில் போயிற்று.' ஆலைக்காரரும் அதையே சொன்னார். ஏதோ கொஞ்சம் பணமும் கொடுத்தார். அந்தத் துண்டு எத்தகையது என்பதை இம்மலரைப் படிக்கும் முதியோர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. இளைஞர் அறிய வேண்டும். நம் பாட்டன்மார் மேல்தெரு வழியே போகும்போது தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பிலோ கக்கத்திலோ வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தோளில் துண்டு போடும் உரிமையை ஒரு தலைமுறை போராடிப் பெற்றது. அவ்வுரிமையே கையைத் தின்றது என்று பேச்சு முடிந்தபோது, தெருவில் சிலர் அதற்குள் வேறு பொருளும் இருக்கக் கண்டனர்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தைப் பின்னாளில் நான் படித்தேன். அதன் 21ஆவது பிரிவு, பொறியின் ஆபத்தான ஒவ்வொரு பகுதிக்கும் உறுதியான காப்பு அமைத்து, பொறி ஓடும்போதெல்லாம் அதனைப் பழுதின்றி வைத்திருக்க வேண்டும் என்றது. 22ஆவது பிரிவு, ஓடும் பொறியினருகே சென்று சோதிக்கவும் பெல்ட்டை மாட்டவும் வேண்டியிருந்தால், அதற்கெனப் பயிற்சி பெற்ற வயது வந்த ஆடவரே, உடலோடு ஒட்டிய உடை அணிந்து செய்யவேண்டும் என்றது. அடுத்துவரும் சொற்களைக் கவனிக்க வேண்டும்: அவ்வுடையை ஆலைப் பொறுப்பாளரே வழங்குதல் வேண்டும். தளர்ந்த ஆடை அணியாதே என்று சுவரொட்டி தொழிலாளியிடம் சொல்கிறது. இறுகிய ஆடையைக் கொடு என்று சட்டம் முதலாளியிடம் சொன்னது. பெல்ட்டைச் சுற்றி நான்கு மரச்சட்டமும் ஒரு கம்பிவலையும் இருந்திருந்தால் துண்டு எங்கே கிடந்தாலும் கை போயிராது. புதுச்சேரி மாநிலத்திற்குத் தொழிற்சாலை விதிகள் 1964இலேயே வந்துவிட்டன. எங்கள் தெருவில் அன்று அதைச் சொல்ல ஒருவர் இல்லை.

அச்சட்டத்திலேயே சுவரொட்டிக்கும் ஓர் இடம் உண்டு. 108ஆவது பிரிவின்படி, சட்டத்தின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் தொழிலாளரில் பெரும்பாலோர்க்குத் தெரிந்த மொழியிலும் வாயிலருகே தொங்கவிட வேண்டும். பாதுகாப்புப் பற்றிய படங்களை மாட்டுமாறு தலைமை ஆய்வாளர் ஆணையிடலாம். சட்டம் வகுத்தவர்கள் இரண்டையும் சேர்த்தே நினைத்தனர். நடைமுறையில் படம் நின்றது. சுருக்கமோ பொடி எழுத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் புழுதி மூடிக் கிடந்தது. நான் பார்த்தவரையில் அதைப் படித்தோர் மிகச் சிலர்.

இச்சட்டத்தின் முன்வரலாற்றில் நமக்குரிய பெயரொன்று உண்டு. 1942 முதல் 1946 வரை அரசப் பிரதிநிதியின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறையை அண்ணல் அம்பேத்கர் ஏற்றிருந்தார். அக்காலத்தில், 1945இல், தொழிற்சாலைகளின் தலைமை ஆலோசகர் அலுவலகம் மைய அரசில் நிறுவப்பெற்றது. ஆய்வாளர்க்குப் பயிற்சி, பாதுகாப்புப் பற்றிய அறிவுரை, ஆய்வு ஆகியவை அதன் பணிகள். வாரத்திற்கு 48 மணி நேரம் என்ற வரம்பு 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. பின்னர் அவ்வலுவலகத்தின் வழியே பம்பாயில் மையத் தொழிலாளர் நிறுவனமும், சென்னை உள்ளிட்ட நகரங்களில் வட்டார நிறுவனங்களும் எழுந்தன. அரசியல் சட்டம் தந்த சிற்பியாக மட்டும் அண்ணலை அறிந்த நம் பிள்ளைகள் இதனையும் அறிய வேண்டும். 1966 மார்ச் 4இல் இந்தியத் தேசியப் பாதுகாப்பு மன்றம் அமைந்தது. 1972 முதல் அந்நாள் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. தமிழில் நாம் காணும் படங்கள் பல அம்மன்றத்தின் வழி வந்தவையே.

அண்ணல் பொறியைப் பற்றி அதற்கும் முன்பே பேசியிருக்கிறார். பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவே கூலி மிகுந்த பிரிவு. அதில் தாழ்த்தப்பட்டோரைச் சேர்க்கவில்லை. காரணம் என்ன? தறியின் நாடாவில் புதுத் தார் மாட்டும்பொழுது, நூலின் நுனியை நாடாவின் சிறு துளை வழியே வாயால் உறிஞ்சி இழுப்பது வழக்கம். ஒருவர் வாய் வைத்த நாடாவில் மற்றவரும் வாய் வைக்க வேண்டும். தீண்டப்படாதவர் வாய்பட்டது தங்களுக்குத் தீட்டு என்றனர் பிற சாதித் தொழிலாளர். 1928ஆம் ஆண்டுப் பெரும் வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் இவ்விலக்கை வெளிப்படையாகக் கேள்விக்குள்ளாக்கினார். கோரிக்கைப் பட்டியலில் இதற்கும் இடம் வேண்டும் என்றார்.

வாயால் உறிஞ்சுவது தீட்டு அன்று, அது நோய். பஞ்சுத்தூசியும் எண்ணெயும் அடுத்தவர் எச்சிலும் நுரையீரலுக்குள் போகும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911இலேயே இவ்வழக்கத்தைத் தடை செய்தது. கையாலேயே நூல் கோக்கக்கூடிய நாடா அப்போதே இருந்தது. இங்கிலாந்தின் இலங்காசயரில் 1952இல்தான் தடை வந்தது. பம்பாய் ஆலைகள் கையால் கோக்கும் நாடாவை அன்றே வாங்கியிருந்தால் சாதிக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்குக் குறைந்திருக்கும். வேறு சாக்குக் கண்டுபிடித்திருப்பர் என்பீர்கள், அதுவும் உண்மையே. ஆயினும் ஒரு கருவியின் அமைப்பை மாற்றினால் உடல்நலமும் உரிமையும் ஒருசேர வரக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

பொறியின் அமைப்பையே மாற்று என்னும் இந்தக் கருத்தே பிற்காலத்தில் மெல்ல வென்றது. இரண்டு சான்றுகள் போதும். வட இந்தியாவில் 1970களில் கோதுமை அடிக்கும் விசைப்பொறிகள் பரவின. கதிரைக் கையால் உள்ளே தள்ளும் உழவுத் தொழிலாளர் கை இழந்து ஊர் ஊராக முடமாயினர். வயல் தொழிற்சாலை அன்று. ஆகவே தொழிற்சாலைச் சட்டம் அங்கே செல்லவில்லை. 1983இல் ஆபத்தான பொறிகள் ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. கதிர் தள்ளும் வாய்க்குக் குறைந்தது 90 சென்டிமீட்டர் நீளமும், அதில் 45 சென்டிமீட்டர் மூடியும் இருக்கவேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் வகுத்திருந்தது. ஏன் 90? வெளியே நின்று தள்ளுபவன் கை உருளையை எட்டாது. படிப்பறியாதவனும், களைத்தவனும், ஏன், கள் குடித்தவனும்கூட அங்கே கை இழக்க மாட்டான். நீளமே அவனைக் காக்கும்.

மற்றொன்று தகடு வெட்டும் அழுத்துப்பொறி. பட்டறையில் பவர் பிரஸ் என்பர். மிதிகட்டையை மிதித்தால் அச்சு இறங்கும் பழைய வகையில் விரல் உள்ளே இருக்கும்போதும் அச்சு இறங்கிவிடும். இரு கைகளாலும் இரு பொத்தான்களை ஒருங்கே அழுத்தினாலன்றி இறங்காத வகை வந்தது. இரு கையும் வெளியே இருந்தாக வேண்டும். கை குறுக்கே வந்தால் ஒளிக்கதிர் அறுபட்டுப் பொறி நின்றுவிடும் வகையும் வந்தது. எனினும் அரியானாவின் வாகன உதிரிப்பாகப் பட்டறைகளில் இன்றும் விரல்கள் போகின்றன. 'சேஃப் இன் இந்தியா' என்னும் அமைப்பு 2019 முதல் வெளியிடும் அறிக்கைகள் அதைப் பதிவு செய்கின்றன. விரல் இழப்போரில் பெரும்பாலோர் பிழைப்புக்காகப் பிற மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர். எண்ணிக்கைக்குக் கூலி என்றால் வேகம் வேண்டும். வேகத்திற்காகப் பொத்தான் ஒன்றை நாடா ஒட்டி நிரந்தரமாக அழுத்தி வைப்பதும் நடக்கிறது. அதற்கும் தொழிலாளியையே குறை சொல்வர். கூலிக் கணக்கை வகுத்தவர் யார் என்று கேட்பாரில்லை.

போபாலை மறத்தலாகாது. 1984 திசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு நச்சுவாயு கசிந்தபோது, வாயுவைக் குளிர்விக்கும் கருவி நிறுத்தப்பட்டிருந்தது. எரித்து அழிக்கும் கோபுரத்தின் குழாய் துண்டிக்கப்பட்டிருந்தது. அதன்பின்னும் யூனியன் கார்பைடு நிறுவனம், தொழிலாளி ஒருவர் வேண்டுமென்றே செய்த நாசவேலை என்று வாதிட்டது. ஹெயின்ரிக்கின் 88 அங்கும் வந்து நின்றது. ஆயினும் 1987ஆம் ஆண்டுத் திருத்தம் தொழிற்சாலைச் சட்டத்தில் புதியதோர் இயலைச் சேர்த்தது. ஆபத்து நிறைந்த தொழில்களில் தொழிலாளரும் சமமாக அமரும் பாதுகாப்புக் குழு அமையவேண்டும் என்றும், உடனடி ஆபத்தைக் கண்டால் எச்சரிக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்றும் அது கூறியது. தம் வேலையின் பாதுகாப்புப் பற்றிய செய்திகளைக் கேட்டுப் பெறும் உரிமையும் எழுத்தில் ஏறியது. அதுவரை சுவரொட்டியைப் பார்க்கும் கண்ணாக இருந்த தொழிலாளிக்குச் சட்டப்படி ஒரு வாயும் கிடைத்தது.

விரலுக்கும் விலை உண்டு என்பது நம் பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் போனால் சம்பாத்தியத் திறனில் நூற்றுக்கு 30 இழப்பு; சுட்டுவிரல் முழுதும் போனால் 14; நடுவிரல் 12 என்று கணக்கிட்டிருந்தனர். வகுப்பில் விழுக்காடு நடத்தும்போது இவ்வட்டவணையைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பிள்ளைகள் தம் விரல்களைப் பார்த்துக்கொள்வர். அச்சட்டத்தில் முதலாளிக்குச் சில விலக்குகளும் இருந்தன. தொழிலாளி குடித்திருந்தாலோ, பாதுகாப்புக்கென்று வெளிப்படையாக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறினாலோ, காப்பை வேண்டுமென்றே கழற்றினாலோ காயத்திற்கு ஈடில்லை. உயிரிழப்புக்கு இவ்விலக்கு பொருந்தாதெனப் பின்னர்த் திருத்தினர். ஆகவே சுவரில் ஒட்டிய 'காப்பைக் கழற்றாதே' என்னும் வாசகம் தொழிலாளியைக் காக்கலாம். வழக்கு வந்தால் முதலாளிக்குச் சான்றாகவும் நிற்கலாம். எழுத்து இருபுறமும் வெட்டும்.

எச்சரிக்கைப் படமே இல்லாத பணியிடமும் ஒன்று உண்டு. கழிவுநீர்க் குழியின் வாயில் எவரும் சுவரொட்டி ஒட்டவில்லை. அங்கே இறங்குபவரைத் தொழிலாளி என்று எண்ணினாலன்றோ ஒட்டுவது! மலம் அள்ளும் தொழிலைத் தடுக்கும் சட்டம் 1993இலும் விரிவாக 2013இலும் வந்தது. குழியில் மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் என்று 2014இல் உச்சநீதிமன்றம் விதித்ததை 2023இல் முப்பது இலட்சமாக உயர்த்தியது. அங்கே தேவைப்படுவது பொறிக்குக் காப்பு அன்று, பொறியே. மனிதன் இறங்காமல் பொறி இறங்க வேண்டும்.

இன்றைய நிலை ஒன்றையும் நம் இளைஞர் அறிந்துகொள்ள வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இப்போது நடப்பில் இல்லை. தொழிற்பாதுகாப்பு, நலவாழ்வு, பணிநிலைமை பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அதனிடத்தில் வந்துள்ளது. பழைய சட்டத்தில் மின்விசையோடு பத்துப் பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. விசையின்றி இருபது பேர். புதிய தொகுப்பில் அவை இருபது, நாற்பது என்று இரட்டித்துள்ளன. பத்துப் பேர் உள்ள பணியிடத்திற்குப் பொதுவான கடமைகள் உண்டு என்றாலும், தொழிற்சாலைக்கென்றே உள்ள விதிகளின் கண்பார்வையிலிருந்து சிறு பட்டறைகள் பல நழுவுகின்றன. தொழிற்பயிற்சி முடித்த நம் பிள்ளைகள் முதலில் கால் வைப்பது இத்தகைய சிறு பட்டறைகளில்தான்.

சென்ற பாதுகாப்பு நாளை ஒட்டி, என்னிடம் முன்பு படித்த மாணவன் ஒருவன் வந்திருந்தான். ஃபிட்டர் பயிற்சி முடித்துச் சிறு பட்டறை ஒன்றில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. 'ஐயா, நீங்கள் கேட்டீர்களே' என்று, பட்டறைச் சுவரில் இருந்த படத்தின் வாசகத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தான். 'சாணைக்கல்லின் காப்பு மூடியைக் கழற்றாதே' என்று இருந்தது. சாணைக்கல்லில் மூடி உண்டா என்று கேட்டேன். வாங்கும்போதே இல்லையாம். எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள் என்றேன். எட்டுப் பேர் என்றான்.

எட்டுப் பேர் என்றால் தொழிற்சாலை ஆகாது. ஆயினும் விசையால் இயங்கும் பட்டறையில் காயம் பட்டால் இழப்பீடு கேட்க ஆள் எண்ணிக்கை தடையில்லை. அங்கு வேலை செய்தான் என்பதற்குச் சான்று வேண்டும், அவ்வளவே. வருகைப் பதிவு இல்லை, கூலியைக் கையில் கொடுக்கிறார்கள் என்றான். நாற்பது பக்க நோட்டு ஒன்றை மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்து, தேதி, வந்த நேரம், செய்த வேலை, வாங்கிய கூலி என்று நான்கு பத்தி கோடு போட்டுக் காட்டினேன். சாணைக்கல்லுக்கு மூடி என்ன விலை ஆகும் என்று கடையில் கேட்டு வரும்படியும் சொன்னேன். இருவரும் சேர்ந்து பட்டறைக்காரருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவதாக இருக்கிறோம்.